சுவரோரத்துக் காலி இடம்

ஒரு பாலமோ சாலையோ போடுவதற்கு முன்னால் ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதால் கேட்கிறார்கள். பந்தல் போட்டு முடித்த பிறகு கல்யாணப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போல, கேட்பவர்களில் பாதிப் பேர் ஒப்புக்குத்தான் கேட்பார்கள். இந்தக் கதையில் வருகிறவள் அந்த ரகம் இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். பெரிய என்ஜினியர் கேலிக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கேட்பதுதானே அவள் வேலை. சாலைத் துறைக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி நடத்தியே அவளுக்குத் தலை நரைத்திருந்தது.

கூட்டத்துக்கு மேடை போட விடமாட்டாள். "மேல உக்காந்தா கீழ பேசறது எப்படி சார் கேக்கும்?" என்பாள். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வாள். வரைபடத்தைச் சுவரில் மாட்டாமல் நடுவில் பெரிய மேசையில் விரித்து வைப்பாள், நாலு பக்கமும் நின்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. கத்துகிறவரை முதலில் கத்த விடுவாள். ஆவேசம் அடங்கினால்தான் அவர் வாயிலிருந்து விஷயம் வரும். யார் பேச எழுந்தாலும் முதலில் தான் யார், எந்த வீடு என்று சொல்ல வேண்டும், அவர் அமைச்சரின் மச்சானாகவே இருந்தாலும் சரி. கடைசியில், "இன்னும் யாராவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடிப்பாள். தண்ணீர் தீரும்வரை யாரும் எழவில்லை என்றால் கூட்டம் முடிந்தது. அதன் பிறகு எழுகிற பேச்சு எதுவும் அறிக்கையில் ஏறாது.

இவ்வளவு பக்குவமாக வேலை செய்கிறவள்தான் இந்த முறை தவறு செய்தாள். அதுவும் சந்தோஷமாகச் செய்தாள்.

ஆற்றின் மேல் புதுப் பாலம் வரப் போகிறது. பாலத்துக்குப் போகும் தெரு ஒடுக்கமானது. ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், கீழே கடைகள்: சைக்கிள் கடை, மாவு மில், பழைய பேப்பர் கடை. எதிர்ப் பக்கம் இடுகாட்டின் நீளமான வடக்குச் சுவர். தெருவை அகலப்படுத்த வேண்டுமென்றால் வீடுகளை இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரைத் தள்ளிக் கட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லறைகள். வேறு வழியில்லை, வீடுகள்தான் என்று முடிவாகிற நேரத்தில், அளவெடுக்கும் பையன்களோடு இவளும் இடுகாட்டுக்குள் போய்ப் பார்த்தாள். கல்லறைகளெல்லாம் நடுவிலும் தெற்கிலும்தான் இருந்தன. வடக்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு பட்டை நிலம், முழங்கால் உயரம் புல், பெயருக்குக்கூட ஒரு கல் இல்லை.

"இது சும்மாதானே கெடக்கு?" என்றாள் அவள்.

பெரிய என்ஜினியர் அந்த இடத்திலேயே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். மறுநாளே வரைபடம் மாறியது. சுவரோரப் பட்டைக்குப் பச்சை வண்ணம். பக்கத்தில் சின்ன எழுத்தில் "காலி இடம். பாதிக்கப்படுவோர்: யாருமில்லை."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே அந்தத் தெருவுக்குப் போனாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர், தெருவுக்கே பஞ்சாயத்துப் பேசுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். விஷயத்தைச் சொன்னதும் அந்த வாய் அடைத்துப்போனது. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லாருக்கணும்மா. இந்த வீட்ட விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல."

"இன்னும் முடிவாகலக்கா. கூட்டத்துல எல்லாரும் சொல்லணும். நீங்களும் வாங்க, மத்த வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிட்டு வாங்க," என்றாள். வாய்தான் முடிவாகவில்லை என்றது. முகம் வேறு சொன்னது. தேநீர் குடிக்காமல் விடவில்லை அந்த அக்கா. கடைக்காரர் மட்டும் பேசாமல் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருந்தார். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கணவர் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். குடிநீர் வாரியத்தில் பம்பு இயக்குகிறவர். மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர் என்பதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். அவள் பேசுவாள், அவர் கேட்பார். அன்றைக்கும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"ஒரு வீடுகூடப் போகாதுங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். அந்த இடுகாட்டுல சுவரோரமா ஒரு துண்டு சும்மாவே கெடக்கு, ஒரு கல்லு இல்ல, ஒண்ணு இல்ல."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "எந்தச் சுவரு?"

"வடக்குச் சுவரு. ஏன்?"

"அது காலி இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறான், வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. பிறந்து அழவில்லை. ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்த இவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கணவரால் தாங்க முடியாது, கேட்டால் உடைந்துபோவார் என்று முதலில் நினைத்தாள். பிறகு கேட்காமல் இருப்பதே பழகிவிட்டது. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் அவர்கள் கிணற்றையும் மரத்தையும் வாசற்படியையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டவள், தன் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பல்லாம் பொறந்தவுடனே போன புள்ளைங்கள அப்பன்காரன் கையிலதான் குடுப்பாங்க. காவக்காரன் அந்தச் சுவரோரத்தக் காட்டுவான். கல்லு வைக்க விடமாட்டாங்க. பேரு இல்லாத புள்ளைக்குக் கல்லு எதுக்குன்னு கேப்பாங்க. நான் மட்டும் இல்ல. நெறையப் பேரு கொண்டு வந்தாங்க."

அவள் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்: "எத்தன இருக்கும்? யார் யாருன்னு தெரியுமா? ஆஸ்பத்திரியில எழுதி வெச்சிருப்பாங்களா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "தெரியாது," என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

தான் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது. அதிகாரியாகக் கேட்பது அவளுக்குச் சுலபம், வருகிறது. மற்றது வரவில்லை.

மறுநாள் பெரிய என்ஜினியரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கோடு போடுகிறவர், அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

"சார், அந்தச் சுவரோரத்துல கொழந்தைங்களப் பொதச்சிருக்காங்களாம்."

"யார் சொன்னா?"

அவள் தயங்கினாள். என் கணவர் என்று சொன்னால், என் குழந்தை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நிமிஷமே அவள் பாதிக்கப்பட்டவள் ஆகிவிடுவாள். பாதிக்கப்பட்டவள் கூட்டம் நடத்தக் கூடாது. வேறு யாரையாவது அனுப்புவார்கள். வருகிறவர் மேடை போட்டு, மாலை வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

"கேள்விப்பட்டேன் சார்."

"கேள்விப்பட்டத வெச்சு என்னம்மா பண்றது? நகராட்சியில விசாரிச்சுட்டேன், எந்தப் பதிவும் இல்ல. யாராவது எழுந்து சொல்லட்டும், எழுதிக்கறேன். யாரும் சொல்லலேன்னா இல்லேன்னுதானே அர்த்தம்? நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அந்தப் பட்டையப் படத்துலேர்ந்து எடுத்துட்டா வீடுங்க போகும். யோசிச்சுக்கோ," என்றார்.

யோசிக்காமலா இருந்தாள்? அந்த அக்கா பிடித்த கையின் சூடு இன்னும் கையில் இருந்தது. உயிரோடு இருப்பவர்களின் கூரை பெரியதா, மண்ணுக்குள் இருப்பவளின் இடம் பெரியதா? இவள் வாயைத் திறக்காமல் தண்ணீரைக் குடித்து முடித்தால் போதும், ஒரு வீடு போகாது, ஊரே வாழ்த்தும். தன் பெண்ணின் மேல் தார் ஊற்றி ரோலர் ஓட்டச் சொன்னவள் தான்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தன் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கணவரிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். "நீங்க வந்து சொல்றீங்களா?"

"என்னால முடியாதும்மா," என்றார் அவர். கோபமில்லை, சலிப்பில்லை. முடியாததை முடியாது என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில் கூட்டம். பெஞ்சுகளை ஓரம் கட்டி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் நிறையவே வந்திருந்தார்கள். வழக்கமான கலகலப்பு இருந்தது. மாவு மில்காரர் பாலம் வந்தால் தன் மில்லுக்குத் தூசி வரும் என்று புகார் சொன்னார். இப்போது மில்லிலிருந்து தெருவுக்கு வருகிற தூசிக்கு என்ன பதில் என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது. பேப்பர் கடைக்காரர், சுவரைத் தள்ளிக் கட்டும் யோசனை சொன்ன புண்ணியவதிக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். கேள்விக்காரி தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள். வேறென்ன செய்ய?

எல்லாரும் பேசி முடித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மட்டும் பேசவில்லை. வாய் நீண்ட மனிதர், அன்று மனைவி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் யாராவது சொல்லணுமா?"

டம்ளரை எடுத்தாள். வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தாள். வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. வாரியத்துக் காக்கிச் சட்டையோடு அவள் கணவர் கதவோரம் நின்றிருந்தார், உள்ளே வராமல். தண்ணீர் தீர்ந்தது. உதவிக்கு வந்த பெண், முடிவுரையைப் படிக்கத் தாளை எடுத்துக்கொண்டு இவள் முகத்தைப் பார்த்தாள். பெரிய என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவள் காலி டம்ளரை மேசையில் வைத்தாள்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றாள். "வடக்குச் சுவரோரம் காலி இடம்னு இந்தப் படத்துல போட்டிருக்கு. போடச் சொன்னது நான்தான். உங்க யாரையும் கேக்காம போட்டுட்டேன். இப்ப கேக்கறேன். அது காலியா?"

பலகாலம் கூட்டம் பார்த்த கண் அவளுக்கு. பதில் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள். இளைஞர்களும் பெண்களும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஆண்கள் ஒருவர் விடாமல் தரையைப் பார்த்தார்கள். அவள் காத்திருந்தாள். பெரிய என்ஜினியர் செருமினார். அப்போதும் காத்திருந்தாள்.

சைக்கிள் கடைக்காரர் எழுந்தார்.

"சைக்கிள் கடை. தெருவுல மூணாவது வீடு," என்று முறைப்படி சொன்னார். பிறகு, "காலி இல்ல மேடம்," என்றார். "எங்க மூத்தவன் அங்கதான் இருக்கான்."

அவர் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க சொல்றீங்க? தூரத்துல எங்கயோன்னுதானே சொன்னீங்க?"

"எதுத்தாப்புலன்னு சொன்னா நீ தெனம் வாசல்ல நின்னு அழுவேன்னு சொல்லல."

"இத்தன வருஷமும் நான் வாசல்லதானேய்யா கோலம் போட்டேன்!" என்று அந்த அம்மாள் வாய்விட்டு அலறினாள். பக்கத்திலிருந்தவள் அவளை அணைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "யோவ், உன் கடை போயிடும்யா, உக்காரு," என்றது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "போகட்டும்," என்றார். "இவங்க வந்து சொன்ன அன்னிக்கே சொல்லிருக்கணும். வீடு பொழச்சுதுன்னு வாய மூடிக்கிட்டேன். தூக்கம் போச்சு."

பிறகு மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்துவிடவில்லை. கூட்டங்கள் அப்படி அழகாக நடப்பதில்லை. ஒரு கிழவர் எழுந்து பேச முடியாமல் உட்கார்ந்தார். மாவு மில்காரர், தன் அண்ணன் ஒன்றைக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன் என்றார். பேப்பர் கடைக்காரர், பழங்கதையைக் கிளறி வீட்டுக்கு உலை வைக்கிறீர்களே என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போதுதான் காக்கிச் சட்டை வாசலை விட்டு உள்ளே வந்து, வட்டத்துக்குள் நுழைந்து, மேசையருகே நின்றது.

அவள் அவரைப் பார்த்தாள். எல்லாரையும் கேட்பது போலத்தான் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க யாரு, எந்த வீடுன்னு சொல்லிட்டுப் பேசுங்க."

"நான் இவங்க வீட்டுக்காரரு," என்றார் அவர், அவளைக் காட்டி. "எங்க பொண்ணும் அங்க இருக்கு."

பெரிய என்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். பேப்பர் கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். கேள்விக்காரி எழுந்து உதவிக்கு வந்த பெண்ணிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தாள். "இனிமே நான் நடத்தக் கூடாதும்மா. நீ நடத்து," என்று சொல்லிவிட்டு, வட்டத்தில் சைக்கிள் கடை அக்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த அக்கா அழுதுகொண்டே இவள் மடியில் கையை வைத்தாள்.

கடைசியில் சாலை என்ன ஆயிற்று என்று கேட்டால், சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெரு அந்த இடத்தில் ஒடுங்கித்தான் போகிறது, ஒரு பக்கம் வண்டி நின்று மறுபக்கத்துக்கு வழிவிட வேண்டும். அப்படியும் வீடுகளின் முன்பக்கம் கொஞ்சம் போயிற்று. சைக்கிள் கடை பாதியானது. பேப்பர் கடைக்காரர் இன்றுவரை கேள்விக்காரியிடம் பேசுவதில்லை. சொல்லப்போனால், அவருக்குப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதெல்லாம் பிறகு. கூட்டத்துக்கு மறுநாள் காலையில் அவளும் அவள் கணவரும் இடுகாட்டுக்குப் போனார்கள். அவர் முன்னால் நடந்தார். புல்லை விலக்கி, யோசிக்காமல், தன் வீட்டு அறைக்குள் நடப்பவர் போல நடந்து, சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு இடத்துக்கு நேராக நின்றார்.

"இங்க."

அவள் தரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுகை வரவில்லை. ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"இவ்வளவு நல்லா எடம் தெரிஞ்சிருக்கே," என்றாள். "இத்தன வருஷமா ஏங்க சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே," என்றார் அவர். குற்றம் சாட்டும் குரலே இல்லை. "நீதான் எல்லாரையும் கேக்கறவளாச்சே. என்னிக்காவது ஒருநாள் என்னையும் கேப்பேன்னு இருந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது அடங்கும்வரை அவர் பக்கத்தில் நின்றார், பிறகு அவரும் உட்கார்ந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ எப்படி இருந்தா?" என்று கேட்டாள். "நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

"தல நெறைய முடி," என்று அவர் ஆரம்பித்தார்.